கம்யூனிட்டி காலேஜ் ஆங்கில ஆசிரியர் வேலை: எந்தப் படிப்பு செல்லும், எது செல்லாது

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்புக் கல்லூரி) ஆங்கிலம் நடத்த பி.எச்டி. வேண்டுமா, ஊரில் முடித்த எம்.ஏ. போதுமா, பி.எட். உதவுமா என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். தேர்வுக் குழுவில் உட்கார்ந்தவர்கள், அட்ஜங்ட்டாக (பகுதிநேர ஆசிரியராக) ஓடுகிறவர்கள் எல்லாரும் தெரிந்ததை இங்கே போடுங்கள். சொந்தக் கதை வேண்டாம், விவரம் போதும். பதிலுக்கு மேலே உங்கள் புனைபெயரைப் போடுங்கள்.

அட்டவணை

கலிபோர்னியாவில் இருந்து தொடங்குகிறேன். 116 கல்லூரிகள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே தகுதிப் பட்டியல். ஆங்கிலத்துக்கு இரண்டு வழி. ஆங்கிலம், இலக்கியம், ஒப்பிலக்கியம், காம்போசிஷன் (கட்டுரை எழுதுதல்) இதில் ஒன்றில் மாஸ்டர்ஸ் இருந்தால் நேராகப் போகலாம். இல்லாவிட்டால் இளங்கலை இவற்றில் ஒன்றில் இருந்து, மாஸ்டர்ஸ் மொழியியல், டி.ஈ.எஸ்.எல். (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பித்தல்), கிரியேட்டிவ் ரைட்டிங், ஜர்னலிசம், வாசிப்புச் சிறப்புப் பாடத்தோடு கல்வியியல் என்று போனாலும் செல்லும். பள்ளி ஆசிரியருக்கான கிரெடென்ஷியல் (உரிமம்) தேவையே இல்லை. பி.எட். இருப்பதைத் தாராளமாக எழுதுங்கள், ஆனால் அதற்காக யாரும் கூப்பிட மாட்டார்கள்.

தெற்கு மாநிலங்களில் கணக்கு வேறு. வர்ஜீனியா, டெக்சாஸ் பக்கம் மாஸ்டர்ஸ் எதில் இருந்தாலும் அந்தப் பாடத்தில் 18 முதுகலை கிரெடிட் இருக்கிறதா என்றுதான் எண்ணுவார்கள்.

எல்லாருக்கும் தெரிந்த ஒருவரின் படிப்பை வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும். முன்னாள் அதிபர் ஜோ பைடனின் மனைவி ஜில் பைடன், 1975 டெலவேர் பல்கலையில் ஆங்கில இளங்கலை. 1981 வெஸ்ட் செஸ்டரில் வாசிப்புச் சிறப்புப் பாடத்தோடு கல்வியியல் மாஸ்டர்ஸ். 1987 வில்லனோவாவில் ஆங்கில எம்.ஏ. பள்ளியில் பல வருடம் நடத்திவிட்டு 1993ல் டெலவேர் டெக் கம்யூனிட்டி காலேஜ். முனைவர் பட்டம் வந்தது 2007ல், அதாவது கல்லூரி வேலையில் சேர்ந்து 14 வருடம் கழித்து. ஆய்வும் இலக்கியத்தில் இல்லை, கம்யூனிட்டி காலேஜ் மாணவர்கள் பாதியில் நிற்காமல் படிப்பைத் தொடர என்ன வேண்டும் என்பதுதான் தலைப்பு. 2009 முதல் 2024 வரை வடக்கு வர்ஜீனியா கம்யூனிட்டி காலேஜ். வேலை வாங்கித் தந்தது மாஸ்டர்ஸ், டாக்டர் பட்டம் பிறகு சேர்ந்தது. அந்த வரிசையைக் கவனியுங்கள்.

மார்க்‌ஷீட்

ஊரில் எம்.ஏ. முடித்தவர்களுக்கு. விண்ணப்பத்தோடு மார்க் ஷீட்டை மட்டும் ஸ்கேன் செய்து போட்டால் எச்.ஆரிலேயே நின்றுவிடும், குழு அதைப் பார்க்கவே பார்க்காது. வெளிநாட்டுப் பட்டத்துக்கு டபிள்யூ.ஈ.எஸ். போன்ற அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் எவாலுவேஷன் வேண்டும். மொத்தமாக ஒரு வரியில் சான்று தருகிற மலிவான வகையை வாங்காதீர்கள். பாடவாரியாக கிரெடிட் போட்டுத் தருவதை வாங்குங்கள். 18 கிரெடிட் கேட்கும் மாநிலத்துக்கு மாறினால் அதுதான் கைகொடுக்கும். டிரான்ஸ்கிரிப்டைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும். ஊரில் தேர்வுப் பிரிவு ஜன்னலில் ஒருவர் நிற்காமல் அது நகராது, ஆகவே வேலை விளம்பரம் வருவதற்குப் பல மாதம் முன்பே தொடங்குங்கள்.

இன்னொன்று. பட்டத்தின் பெயர் ‘ஆங்கில மொழி கற்பித்தல்’ என்று இருந்தால் ஆங்கிலத் துறைக்கு அது நேரடியாகப் பொருந்தாமல் போகலாம். அப்போது ‘ஈக்விவலன்சி’ படிவத்தைத் தனியாக நிரப்ப வேண்டும். எவாலுவேஷன் வேறு, இது வேறு. முதலாவது உங்கள் பட்டம் அமெரிக்க மாஸ்டர்ஸுக்குச் சமமா என்று சொல்லும். இரண்டாவது, அந்த மாஸ்டர்ஸ் ஆங்கிலத் துறைக்குப் போதுமா என்று கல்லூரி ஆசிரியர்களே தீர்மானிப்பது. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதும் முடிந்தது என்று நினைத்தவர்கள்தான் அதிகம் திரும்பி வருகிறார்கள். இந்தப் பட்டம் இருப்பவர்கள் ஈ.எஸ்.எல். (இரண்டாம் மொழியாக ஆங்கிலம்) துறைக்கும் சேர்த்துப் போடுவது நல்லது, அது தனித் துறை.

நெடுஞ்சாலை

படிப்பு சரி, வேலைக்கு வருவோம். முதலில் கிடைப்பது அநேகமாக அட்ஜங்ட்தான். கலிபோர்னியாச் சட்டப்படி ஒரு கல்லூரி மாவட்டத்தில் (ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள கல்லூரி அல்லது கல்லூரிகள்) பகுதிநேர ஆசிரியருக்கு முழுநேரச் சுமையில் 67 சதவீதத்துக்கு மேல் தர முடியாது. 2008 வரை அது 60 ஆக இருந்தது. முழுச் சுமை 15 யூனிட் என்று வையுங்கள், உங்களுக்கு மேல்வரம்பு 10 யூனிட். காம்போசிஷன் வகுப்பு 3 யூனிட் உள்ள கல்லூரியில் மூன்று வகுப்பு எடுக்கலாம். 4 யூனிட் உள்ள இடத்தில் இரண்டோடு நின்றுவிடும், மூன்றாவது வைத்தால் 12 ஆகிவிடும். அதனால்தான் ஆளாளுக்கு இரண்டு மூன்று மாவட்டம் ஓடுகிறார்கள். ‘ஃப்ரீவே ஃப்ளையர்’ (நெடுஞ்சாலையில் பறப்பவர்) என்ற பெயர் அப்படி வந்தது. டிக்கியில் மூன்று கல்லூரியின் கட்டுரைக் கட்டும் இருக்கும்.

ஒரே மாவட்டத்தில் இரண்டு கல்லூரி இருந்தால் இரண்டையும் சேர்த்துத்தான் 67. இதைத் தெரியாமல் வகுப்பை ஒப்புக்கொண்டு, செமஸ்டர் தொடங்கும் வாரம் ஒன்றை இழப்பது சாதாரணம்.

சிவப்புமை

முழுநேர நேர்முகம் பற்றி யாரும் சரியாக எழுதுவதில்லை. விளம்பரம் பெரும்பாலும் குளிர்காலத்தில், வேலை ஆகஸ்டில். குழு முன்னால் 15 முதல் 20 நிமிட டெமோ (மாதிரி வகுப்பு). குழுவினரே மாணவர்களாக உட்காருவார்கள். கவிஞர் மில்டன் பற்றி 22 ஸ்லைடு கொண்டுவருகிற பி.எச்டி.க்காரர் இங்கேதான் விழுகிறார். வேலையில் பெரும்பங்கு முதலாண்டுக் கட்டுரை வகுப்பு, இலக்கிய வகுப்பு எப்போதாவது ஒன்று. ஒரு பத்தி, ஒரே திறன், நடுவில் நான்கு நிமிடம் இருவர் இருவராகச் செய்யும் வேலை. அவ்வளவு போதும்.

பல இடங்களில் மாணவர் கட்டுரை ஒன்றைக் கொடுத்து அரை மணியில் திருத்தச் சொல்வார்கள். ‘ஐ வாஸ் லேட், தி பஸ் ப்ரோக் டவுன்’ என்று இரண்டு முழு வாக்கியத்தை வெறும் கமாவால் ஒட்டியது பக்கத்துக்கு ஆறு இருக்கும். நாற்பது இடத்தில் சிவப்பு வட்டம் போட்டால் மதிப்பெண் போய்விட்டது. முதலில் வாதம் என்ன, ஆதாரம் அதைத் தாங்குகிறதா என்று இரண்டு குறிப்பு. பிறகு அந்தக் கமாப் பிழையை ஒரே ஒரு இடத்தில் திருத்திக்காட்டி, மற்ற ஐந்தை நீயே கண்டுபிடி என்று எழுதுவது. அந்தப் பழக்கம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

ஏன் என்றால் கணக்கு அப்படி. ஐந்து வகுப்பு, வகுப்புக்கு 28 என்றால் 140 பேர். ஆளுக்கு நான்கு கட்டுரை, 560. ஒன்றுக்கு 15 நிமிடம் என்றாலே 140 மணி நேரம், அதுவும் ஒரே ஒரு வரைவுக்கு மட்டும். அது செமஸ்டர் முழுக்கப் பரவியும் வராது, நான்கு தடவை 35 மணி நேரமாகத் தலையில் விழும். ஐந்து வகுப்பின் கெடு தேதியையும் ஒரே வெள்ளிக்கிழமை வைப்பது புதியவர்கள் செய்யும் முதல் தப்பு.

அட்டவணை

சம்பளம் பற்றிச் சுருக்கமாக. அட்டவணையில் நெடுக்கே அனுபவ வருடம், குறுக்கே படிப்பு. மாஸ்டர்ஸ், அதற்கு மேல் 15 யூனிட், 30 யூனிட், கடைசியில் முனைவர் என்று ஏறும். பி.எச்டி.யின் பயன் பெரும்பாலும் அந்தக் கடைசிக் கட்டம்தான். கலிபோர்னியாவில் டெனியூருக்கு (நிரந்தரப் பணிக்கு) நான்கு வருடம்: ஒன்று, ஒன்று, இரண்டு என்று ஒப்பந்தம் போகும்.

மார்க்‌ஷீட்

ஏ.பி. 705 என்ற கலிபோர்னியாச் சட்டத்தை விட்டுவிட்டீர்கள். 2019 இலையுதிர் செமஸ்டரில் இருந்து, மாணவர்களை மாதக்கணக்கில் அடிப்படை வகுப்பில் உட்கார வைக்காமல் நான்கு வருடப் பல்கலையிலும் கணக்கில் சேரும் ஆங்கில வகுப்பில் நேராகச் சேர்க்கிறார்கள். பின்தங்கியவர்களுக்கு அதோடு ஒட்டிய உதவி வகுப்பு. இதன் முன்மாதிரி ஒன்று பால்டிமோர் கவுன்டி கம்யூனிட்டி காலேஜில் 2007ல் தொடங்கியது, அதே ஆசிரியர் வகுப்பு முடிந்ததும் அவர்களோடு இன்னொரு மணி நேரம் உட்காருவார். ஆகவே நேர்முகத்தில் ‘ஒரே வகுப்பில் இருவகையினரும் இருந்தால் என்ன செய்வீர்கள்’ என்ற கேள்வி நிச்சயம். ‘டியூட்டரிடம் அனுப்புவேன்’ என்ற பதில் தேறாது. கட்டுரையைத் தொடங்கும் கட்டத்தில் என்ன செய்வீர்கள், வரைவில் என்ன செய்வீர்கள் என்று சொல்ல வேண்டும்.

பழைய விண்ணப்பத்தைத் தூசிதட்டி எடுப்பவர்கள் இன்னொன்றையும் மாற்றுங்கள். ‘இங்கிலீஷ் 1ஏ’ என்று பல கல்லூரிகளில் வழங்கிய வகுப்பு 2025 இலையுதிரில் இருந்து மாநிலம் முழுக்க ‘சி 1000’ என்ற பொது எண்ணுக்கு மாறிவிட்டது. கவர் லெட்டரில் இன்னும் 1ஏ என்று இருந்தால், எழுதியவர் விளம்பரத்தையே படிக்கவில்லை என்று குழுவுக்குத் தெரிந்துவிடும்.