பழைய எம்பிஎஃப்ஐ கார்: த்ராட்டில் பொசிஷன் சென்சார் எங்கே இருக்கு, எப்படி மாத்துறது?

கேள்வி:
2000-களின் தொடக்கத்தில் வந்த எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டரில் பெட்ரோல் போற வகை), கேபிள் ஆக்ஸிலரேட்டர் கார். 40 கி.மீ. வேகத்தில் லேசா மிதிச்சுப் பிடிச்சா வெட்டி வெட்டிப் போகுது. முழுசா மிதிச்சா பிக்கப் சரியா இருக்கு. ஸ்கேனரில் பி0122-ன்னு ஒரு கோளாறுக் குறியீடு (கோடு) வந்து வந்து போகுது. டிபிஎஸ், அதாவது த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்குன்னு இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்ற த்ராட்டில் பொசிஷன் சென்சார், எங்கே இருக்கும்? அதுதான் கோளாறுன்னு எப்படி உறுதி செய்யறது?

பதில் 1:
ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ஹோஸ் போய்ச் சேருற அலுமினிய த்ராட்டில் பாடியை (இன்ஜினுக்குள்ளே போற காற்றைத் திறந்து மூடுற தகடு இருக்கும் பாகம்) பாருங்க. ஒரு பக்கம் கேபிள் சுத்துற கப்பி. அதே ஷாஃப்ட்டின் மறுமுனையில் ரெண்டு ஸ்க்ரூவில் நிக்கிற கறுப்புப் பிளாஸ்டிக்தான் டிபிஎஸ். மாருதி எஸ்டீம், ஜென்னிலும் இப்படித்தான். பக்கத்தில் இருக்கும் ஐடில் வால்வோடு (பெடலை மிதிக்காதப்போ இன்ஜின் வேகத்தைப் பார்த்துக்கறது) குழப்பிக்காதீங்க, அது ஷாஃப்ட்டில் மாட்டியிருக்காது.

பி0122 வந்தா சிக்னல் வோல்ட் குறைவுன்னு அர்த்தம், அவ்வளவுதான். 5 வோல்ட் வயர் அறுந்தாலும், கப்ளர் (வயர் இணைப்பான்) பின்னில் பச்சை பிடிச்சாலும் இதே கோடு வரும். வாங்கறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க.

பதில் 2:
கப்ளரைக் கழற்றாம, பின்பக்கமா மெல்லிய ஊசி விட்டு அளக்கணும். சாவி ஆன், இன்ஜின் ஆஃப். மூணு வயரில் ஒண்ணு 5 வோல்ட், ஒண்ணு எர்த், மூணாவது சிக்னல். நாலு வயர் இருந்தா கூடுதலா ஐடில் சுவிட்ச் உள்ள வகை. வயர் நிறத்தை நம்ப வேண்டாம், வண்டிக்கு வண்டி மாறும்.

த்ராட்டில் மூடியிருக்கும்போது சிக்னல் பெரும்பாலும் 0.5 முதல் 1 வோல்ட். முழுசாத் திறந்தா 3.5-க்கு மேலே. ரொம்ப மெதுவாத் திறந்துகிட்டே போங்க, நடுவில் எங்கயும் விழாம ஏறணும். உள்ளே இருக்கும் கார்பன் தடம் நாம அதிகமா ஓட்டுற கால்வாசித் திறப்பில்தான் முதல்ல தேயும். நீங்க சொல்ற 40-ல வெட்டுறது அதோட பொருந்துது. டிஜிட்டல் மீட்டர் அந்த நொடிச் சரிவைத் தவறவிடும். முள் மீட்டரில் முள் துள்ளுறது கண்ணுக்கே தெரியும்.

எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினா முதல்ல எர்த்தைச் சரி செய்யுங்க. புது சென்சாரும் தப்பாத்தான் காட்டும்.

பதில் 3:
மாத்தும்போது பேட்டரி நெகட்டிவைக் கழட்டிடுங்க. ஸ்க்ரூ அலுமினியத்தில் இறுகிப் போயிருக்கும். துருவை இளக்குற எண்ணெய் விட்டு ஊறவிட்டு, சரியாப் பொருந்துற பிட்டை வெச்சு, மேலே லேசாத் தட்டி அப்புறம் திருப்புங்க. தலை வழுக்கிட்டா த்ராட்டில் பாடியையே இறக்க வேண்டி வரும். பழசு நின்ன கோணத்தை மார்க்கரால் கோடு போட்டு வெச்சுக்கங்க.

புதுசை ஓட்டைகள் கொஞ்சம் விலகியிருக்கற மாதிரி ஷாஃப்ட்டில் செருகி, ஸ்பிரிங் எதிர்ப்பு தெரியுற பக்கமாத் திருப்பி ஓட்டைகளைச் சேர்க்கணும். நேரா வெச்சு அழுத்தினா, சென்சாரை ஷாஃப்ட்டோடு சேர்க்கிற நாக்கு தப்பான பக்கம் உட்காரும், இல்லைன்னா உடையும். ஸ்க்ரூவுக்கு 2 நியூட்டன் மீட்டர் அளவு போதும், மேலே போனா பிளாஸ்டிக் விரியும். ஓட்டை நீளவாக்கில் இருந்தா, மூடிய நிலை வோல்ட் மேனுவலில் சொன்ன அளவுக்கு வரும்படி நகர்த்தி அப்புறம் இறுக்குங்க.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பெடலை நாலஞ்சு தடவை மிதிச்சு, த்ராட்டில் தானாவே முழுசா மூடுதான்னு கட்டாயம் பாருங்க. சிக்கினா வண்டியை எடுக்காதீங்க.

பதில் 4:
ஐடில் ஏத்தறதுக்காக பெயின்ட் அடிச்சு சீல் வெச்ச ஸ்டாப் ஸ்க்ரூவை (த்ராட்டில் மூடும்போது எங்கே நிக்கணும்னு தீர்மானிக்கிறது) யாராவது திருப்பியிருக்காங்களான்னு பாருங்க. அது நகர்ந்தா மூடிய நிலை வோல்ட்டே மாறிடும், இசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஐடிலை அடையாளம் கண்டுக்காது. கார்ப் கிளீனரை ஷாஃப்ட் முனையில் நேரா அடிக்காதீங்க. சீல் வழியா உள்ளே போய் புது சென்சாரையும் கெடுத்துடும். துணியில் நனைச்சுத் துடைங்க.