இரண்டு படம், ஒரு கேள்வி: சிங்கப்பூரில் பழைய தமிழ்ப் படங்களை ஜோடி சேர்த்துப் பார்த்துப் பேசுபவர்களின் அனுபவப் பகிர்வு

தோ பாயோவிலிருந்து:

'இரண்டுமே அண்ணன் தங்கை கதை' என்று மட்டும் சொல்லி ஜோடி சேர்த்தால், எது அதிகம் அழ வைத்தது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இரண்டு படமும் ஏதாவது ஓர் இடத்தில் ஒன்றுக்கொன்று எதிராகத் திரும்ப வேண்டும். பாசமலரையும் (1961) முள்ளும் மலரும் படத்தையும் (1978) எடுத்துக்கொள்ளுங்கள். பாசத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, யார் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். பாசமலரில் அண்ணன் தொழிலாளியாக இருந்து முதலாளி ஆகிறான். தங்கை விரும்பும் ஆனந்தன் தொழிலாளர் பக்கம் நிற்பவன். முள்ளும் மலரும் படத்தில் அண்ணன் காளி வின்ச் (கம்பிவடத்தால் வண்டியை இழுக்கும் எந்திரம்) இயக்கும் தொழிலாளி. தங்கையைக் கட்டிக்கொள்ள விரும்பும் குமரன் அவனுக்கு மேலே இருக்கும் இன்ஜினீயர். ஒரு படத்தில் மாப்பிள்ளை கீழே இருந்து வருகிறான், இன்னொன்றில் மேலே இருந்து. இதைப் பிடித்துக்கொண்டால், அண்ணனின் கோபத்தில் பாசம் எவ்வளவு, அந்தஸ்து எவ்வளவு என்ற கேள்விக்கு யாரும் சும்மா இருக்க மாட்டார்கள்.

இந்த ஜோடியில் பிந்திய படத்தை முதலில் பார்ப்பதே நல்லது. பாசமலரை முதலில் போட்டால் ஆரூர்தாஸ் வசனமும் கண்ணதாசன் பாட்டும் ஆளை அப்படியே இழுத்துக்கொள்ளும். அடுத்து வரும் மகேந்திரனின் மௌனம் ஏதோ குறைபோலத் தெரியும். மாற்றிப் பார்த்தால், மகேந்திரன் சொல்லாமல் விட்டதை ஆரூர்தாஸ் எங்கெங்கே சொல்ல வைக்கிறார் என்று காது தேடும்.

ஈசூனிலிருந்து:

அண்ணே, வரிசையில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. 1961-இல் இருந்த நடிப்பு முறை தெரியாதவர்களுக்கு 1978-இல் ரஜினி அடக்கி வாசித்தது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது பிடிபடாது. பழைய படங்களில் ஊறியவர்கள் கூடினால் உங்கள் வரிசை, இளையவர்கள் அதிகம் என்றால் கால வரிசை. அப்படி வைத்துக்கொள்ளலாம்.

இரண்டையும் ஒரே நாளில் ஓட்டாதீர்கள். மூன்று மணி நேரப் படம் இரண்டு என்றால் மாலை நான்கு மணிக்குத் தொடங்கினாலும் பேச நேரம் இருக்காது. அடுக்குமாடியில் இரவு பத்தரைக்கு மேல் சத்தம் வைப்பதும் அக்கம்பக்கத்துக்கு நியாயமில்லை. முதல் படத்தை அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு வரட்டும், இரண்டாவதைச் சேர்ந்து பாருங்கள். இடைவெளி ஒரு வாரத்துக்கு மேல் போனால் முதல் படத்தில் கதைதான் நினைவில் நிற்கும், காட்சி நிற்காது. அதற்காக முதல் படத்தில் மூன்று காட்சிகளை முன்கூட்டியே தேர்ந்து வைத்து, கூடும்போது மறுபடி போட்டுவிடுங்கள். குறித்து வைக்கும்போது நிமிடக் கணக்கை நம்பாமல், காட்சியை இரண்டு வரியில் எழுதுங்கள். ஆளுக்கு ஆள் பிரதி வேறு, நிமிடமும் வேறு.

பாசிர் ரிஸ்ஸிலிருந்து:

நிமிடம் வேறாவதற்குக் காரணம் உண்டு. பிலிம் ஓடுவது நொடிக்கு 24 பிரேம். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் வந்த விசிடியும் டிவிடியும் நொடிக்கு 25. பல பிரதிகளில் அந்த வேகத்துக்கே படத்தை ஓட்டிப் பதிந்திருப்பார்கள். மூன்று மணி நேரப் படத்தில் ஏழு நிமிடம் போய்விடும். அதைவிடக் கெட்டது, சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும். டி.எம்.எஸ். குரல் மெலிந்து கேட்டால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கணினியில் ஓட்டுபவர்கள் வேகத்தை 0.96 ஆக்கி, 'வேகம் மாறினாலும் சுருதி மாறாது' என்ற வசதியை அணைத்துவிட்டால் பழைய குரல் திரும்பிவிடும். வெட்டுப்பட்ட பிரதிக்கு மருந்து கிடையாது. பாட்டைத்தான் முதலில் வெட்டுவார்கள், அடுத்து நகைச்சுவைப் பகுதி.

பட அகலத்தையும் பாருங்கள். கறுப்பு வெள்ளைக் காலத்துப் படத்தின் அகலமும் உயரமும் 1.37க்கு 1, ஏறக்குறைய பழைய டிவி வடிவம். தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படமான ராஜராஜ சோழன் வந்ததே 1973-இல். அதற்கு முந்திய படம் இன்றைய டிவி முழுக்க நிறைந்து தெரிந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். கடிகாரமோ வண்டிச் சக்கரமோ வரும் இடத்தில் நிறுத்துங்கள். வட்டம் முட்டையாகத் தெரிந்தால் இழுத்திருக்கிறார்கள். டிவி அமைப்பில் 4:3 வைத்தால் சரியாகிவிடும். வட்டம் சரியாக இருந்து, தொடக்க எழுத்துகள் மேலும் கீழும் நறுக்கப்பட்டிருந்தால் படத்தையே வெட்டிவிட்டார்கள், வேறு பிரதி தேடுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி, சரவுண்ட் ஒலி இரண்டையும் அணையுங்கள். ஒற்றைத் தட ஒலியைச் சரவுண்டில் பரப்பினால் வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

அங் மோ கியோவிலிருந்து:

சிங்கப்பூரில் பேசுவதற்கென்றே அமைந்த ஜோடி பராசக்தியும் (1952) அந்த நாளும் (1954). இரண்டும் ஏவிஎம், இரண்டிலும் சிவாஜி, பண்டரிபாய். ஒன்று வசனத்தால் நிற்கிறது. இன்னொன்றில் பாட்டே இல்லை. இரண்டிலும் கதையை நகர்த்துவது ஜப்பான் குண்டு. பராசக்தியில் ரங்கூன், அந்த நாளில் 1943 அக்டோபரில் சென்னை மீது விழுந்தது.

இனி வருவது முடிவைச் சொல்லிவிடும், பார்க்காதவர்கள் தாண்டிப் போங்கள். அந்த நாளில் கொலையுண்ட ராஜன் ஜப்பானுக்கு உளவு சொன்னவன், படம் அவனைத் துரோகியாக நிறுத்துகிறது. ஆனால் அதே 1943 அக்டோபர் 21-இல் நம் கேத்தே கட்டடத்தில், அதுவும் ஒரு திரையரங்கில், சுபாஷ் சந்திர போஸ் ஜப்பானின் துணையோடு சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். போஸின் இந்திய தேசிய ராணுவமான ஐஎன்ஏவில் சேர்ந்த மலாயாத் தமிழர்கள் இங்கே தியாகிகள். ராஜனையும் அவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன மிஞ்சுகிறது என்று கேளுங்கள். ராஜன் பணத்துக்காகப் போனானா, தன் கண்டுபிடிப்பை யாரும் மதிக்கவில்லை என்ற ஆத்திரத்திலா என்று படத்தை வைத்தே ஆளுக்கு ஆள் சண்டை வரும், வரட்டும். சியோனான் காலத்தை, அதாவது சிங்கப்பூரை ஜப்பான் ஆண்ட காலத்தைப் பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் அவரைக் கடைசியில் பேச வையுங்கள். முதலில் பேசிவிட்டால் மரியாதைக்காக மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து:

ப்ரியா (1978), நினைத்தாலே இனிக்கும் (1979). இரண்டிலும் பல காட்சிகள் இங்கே எடுத்தவை. ஆபத்து என்னவென்றால், "அது எந்த ரோடு?" என்பதிலேயே பொழுது போய்விடும். சாங்கி விமான நிலையம் 1981-இல் திறந்தது, எம்ஆர்டி ரயில் 1987-இல் ஓடத் தொடங்கியது, மெர்லயன் சிலை இப்போதிருக்கும் இடத்துக்கு மாறியது 2002-இல். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி முன்னாலேயே கொடுத்துவிட்டு, இடம் தேடுவதற்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். பிறகு இதைக் கேளுங்கள்: இந்த ஊர்த் தமிழர்கள் எத்தனை பேர் இந்தப் படங்களில் வாய் திறந்து பேசுகிறார்கள்? ஆளுக்கொரு படம் பிரித்துக்கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். சுஜாதாவின் ப்ரியா நாவல் நடப்பது லண்டனில். லண்டனை எடுத்துவிட்டுச் சிங்கப்பூரை வைத்தும் கதை ஓடுகிறது என்றால், படத்துக்கு இந்த ஊர் எதற்குத் தேவைப்பட்டது என்ற அடுத்த கேள்வி தயாராக இருக்கிறது. நாவலை ஒருவராவது படித்துவிட்டு வர வேண்டும்.

தோ பாயோவிலிருந்து:

அங் மோ கியோ சொன்னதோடு ஒன்று. பராசக்தியின் நீதிமன்ற வசனம் இங்கே பிறந்த பிள்ளைகள் பலருக்கு வேகத்தில் பிடிபடாது. அந்தக் காட்சியை மட்டும் அச்சடித்துக் கொடுத்து ஒருமுறை வாய்விட்டுப் படிக்க வையுங்கள். பிறகு படத்தைப் போட்டால் சிவாஜி எங்கே மூச்சு வாங்குகிறார் என்பது வரை கவனிப்பார்கள்.

சிராங்கூனிலிருந்து:

இதெல்லாம் வீட்டில் நண்பர்கள் கூடுவதற்கு. சமூக மன்றத்தில் அறை எடுத்து, அறிவிப்பு ஒட்டிப் பொதுமக்களுக்குப் போடுவதென்றால் கதை வேறு. படத்தின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வேண்டும், படங்களுக்கு வயது வகைப்பாடு தரும் அரசு அமைப்பான ஐஎம்டிஏவின் வகைப்பாட்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். டிவிடி காசு கொடுத்து வாங்கியது என்பது அனுமதி ஆகாது. பழைய படங்களின் உரிமை கை மாறிக் கை மாறிப் போயிருக்கும், தேடிப் பிடிக்கவே நாளாகும். அறையைப் பதிவு செய்வதற்கு முன் அந்த வேலையைத் தொடங்குங்கள்.