நம்ம வீடு குழு: அப்பாவுக்கு எந்த மாஸ்க்?

ஞாயிறு

காலை 6:05
அம்மா: அப்பா நேத்தும் பாதி ராத்திரியில அந்த சிபாப் மெஷினோட மாஸ்க்கைக் கழட்டி வச்சிட்டாங்க. மூக்குத்தண்டு செவந்து தோல் உரிஞ்சிருக்கு. கண்ணுல வேற காத்து அடிக்குதாம். போட்டோ போட்டிருக்கேன், எல்லாரும் பாருங்க.

கோவை அண்ணன்: பாத்தேம்மா. கன்னத்துல இவ்வளவு ஆழமா கோடு விழுந்திருக்கே. பட்டையை ரொம்ப இறுக்கியாச்சா?

அம்மா: காத்து லீக் ஆகுதுன்னு தினமும் கொஞ்சம் இறுக்கி விடுறேன்யா. இறுக்க இறுக்க சத்தம் கூடத்தான் செய்யுது.

அப்பா: எனக்கு இது ஒத்து வராது. மெஷினைத் திருப்பிக் குடுத்துரலாம். குறட்டைதான? எங்க அப்பாவும் விட்டாங்க, எங்க தாத்தாவும் விட்டாங்க.

தூத்துக்குடி அத்தை: மதினி, அண்ணன் மூஞ்சியைப் பாத்தா எனக்கே சங்கடமா இருக்கு. இம்புட்டுப் புண்ணாக்கிக்கிட்டு எதுக்கு? உடம்பைக் குறைச்சாப் போதாதா?

நான்: உடம்பு குறைஞ்சா நல்லதுதான் அத்தை, அதுக்கு மாசக்கணக்காகும். அதுவரை விட முடியாது. அப்பாவுக்கு இருக்கிறது ஸ்லீப் அப்னியா, தூக்கத்துல தொண்டை அடைச்சு மூச்சு நின்னு நின்னு போற கோளாறு. மாஸ்க் வழியாக் காத்தை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கத்தான் இந்த மெஷின். அப்பாவோட ஸ்லீப் டெஸ்ட்ல ஏஹெச்ஐ 38. தூங்கும்போது மணிக்கு 38 தடவை மூச்சு நின்னு போகுது, இல்லன்னா ரொம்பக் குறைஞ்சு போகுது. ஒவ்வொரு தடவையும் குறைஞ்சது 10 விநாடி. 30-ஐத் தாண்டினாலே தீவிரம்னு சொல்லுவாங்க. மூணு பிரஷர் மாத்திரை போட்டும் பிரஷர் இறங்க மாட்டேங்குதே, அதுக்கு இதுவும் காரணமா இருக்கும்னுதான டாக்டர் டெஸ்டுக்கே அனுப்பினாங்க.

கோவை அண்ணன்: கயத்தாறு பக்கம் கார் ஓட்டிட்டு வரும்போது அப்பாவுக்குக் கண்ணு சொக்கினதை மறந்துட வேண்டாம். பக்கத்துல அம்மா இருந்தாங்க.

காலை 7:20
மதுரை மாமா: அத்தான், திருப்பி மட்டும் குடுத்துராதீங்க. மெஷின் மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல. அந்த மாஸ்க் உங்க முகத்துக்கு ஆகல, அவ்வளவுதான். எனக்கும் முதல்ல மூக்கு வாய் ரெண்டையும் மூடுற பெரிய மாஸ்க்தான் குடுத்தாங்க. இன்னைக்கு நான் மெஷின் இல்லாம மத்தியானம்கூடப் படுக்கிறதில்ல.

மதுரை மாமா: அக்கா, வாங்கின இடத்துல அத்தானைப் படுக்க வச்சுப் பாத்தாங்களா, உக்கார வச்சுப் பாத்தாங்களா?

அம்மா: நாற்காலியில உக்கார வச்சு மாட்டிக் காமிச்சாங்க தம்பி. மெஷினை ஓட விடல.

மதுரை மாமா: அங்கதான் கோளாறு. படுத்தா கன்னச் சதை சரியும், உக்காந்து பாத்த அளவு நிக்காது. மெஷின் ஓடணும், மல்லாக்கப் படுத்துப் பாக்கணும், ரெண்டு பக்கமும் ஒருக்களிச்சுப் பாக்கணும்.

மதுரை மாமா: அந்த சிலிக்கான் ஓரம் காத்துல உப்பித்தான் தோல்ல படியணும். இறுக்கினா அது மடிஞ்சிரும், அந்த மடிப்பு வழியாக் காத்து சீறும். அக்கா கேட்ட சத்தம் அதுதான். இன்னைக்கு ராத்திரி எல்லாப் பட்டையையும் தளர்த்திருங்க. மெஷினைப் போட்டுட்டு மாஸ்க்கை முகத்துல இருந்து லேசா முன்னால இழுத்துத் திரும்ப உக்கார விடுங்க. லீக் நிக்கிற வரைக்கும் மட்டும் பட்டையை இழுத்தாப் போதும். அடியில ரெண்டு விரல் நுழையணும்.

மதுரை மாமா: படுக்கிறதுக்கு முன்னால சோப்புப் போட்டு முகம் கழுவுங்க அத்தான். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா வழுக்கும். மாஸ்க்கோட சிலிக்கானையும் தினம் காலையில லேசான சோப்புத் தண்ணியில கழுவணும்.

அண்ணி: மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? பகல்ல வாயை மூடிக்கிட்டு மூக்காலயே மூச்சு விட முடியுதா உங்களுக்கு?

அப்பா: இடது பக்கம் எப்பவும் அடைப்புதாம்மா. சின்ன வயசுல இருந்து அப்படித்தான்.

அண்ணி: அப்போ முதல்ல மூக்கைப் பாக்கணும். எங்க நுரையீரல் வார்டுல இதை அடிக்கடி பாக்கிறேன். மூக்கு அடைச்சிருக்கிறதால வாயால மூச்சு விடுவாங்க, வாயால விடுறாங்கன்னு பெரிய மாஸ்க்கைக் குடுத்துருவாங்க. சில பேருக்கு அந்தப் பெரிய மாஸ்க் தாடையைப் பின்னால தள்ளும், நாக்கும் கூடவே பின்னால போகும். தொண்டை அடைப்பு இன்னும் கூடும், மெஷின் அதிக அழுத்தம் குடுக்கும், அதனால லீக்கும் கூடும். மூக்கு சரியாச்சுன்னா மூக்கு மாஸ்க்கே போதும். காது மூக்கு தொண்டை டாக்டரை இந்த வாரமே பாத்துருவோம் மாமா.

அண்ணி: அதுவரை உப்புத் தண்ணி ஸ்ப்ரே அடிக்கலாம். மெடிக்கல்ல நாமளா வாங்குற மூக்கடைப்புச் சொட்டு மருந்து மட்டும் வேண்டாம். சில நாளுக்கு மேல போட்டா அதுவே அடைப்பை உண்டாக்கும்.

அப்பா: மூக்கு மாஸ்க்குன்னா மீசையை எடுக்கச் சொல்லுவாங்களா?

மதுரை மாமா: வேண்டாம் அத்தான். மூக்குக்கு அடியில தொட்டில் மாதிரி உக்காருற வகைக்குத்தான் அடர்ந்த மீசை இடைஞ்சல். மூக்குத் துவாரத்துல ரெண்டு சின்னக் குமிழ் பொருந்துற வகை ஒண்ணு இருக்கு, நேசல் பில்லோன்னு கேளுங்க. மூக்குத்தண்டைத் தொடாது, கண்ணுல காத்து அடிக்காது, கண்ணாடி போட்டுக்கிட்டு பேப்பர் படிக்கலாம். சைஸ் மட்டும் மூணையும் வச்சுப் பாருங்க. ரெண்டு துவாரமும் ஒரே அளவா இருக்காது.

காலை 8:10
நான்: ஒரு முக்கியமான விஷயம், எல்லாரும் படிங்க. இப்ப இருக்கிற மாஸ்க்குல கீழ்ப் பட்டை டக்குன்னு ஒட்டிக்குதே, அந்தக் கிளிப் காந்தமா?

அம்மா: ஆமா. அது சுலபமா இருக்கு. நான்தான் தினமும் மாட்டி விடுறேன்.

நான்: அம்மா, உங்களுக்கு பேஸ்மேக்கர் இருக்கு. காந்தக் கிளிப் உள்ள மாஸ்க் பத்தி பிலிப்ஸ் 2022-லயும் ரெஸ்மெட் 2023-லயும் எச்சரிக்கை குடுத்திருக்காங்க. போட்டுக்கிறவங்களுக்கு மட்டும் இல்ல, பக்கத்துல படுக்கிறவங்க, மாட்டி விடுறவங்க உடம்புல பேஸ்மேக்கர் மாதிரி கருவி இருந்தாலும் அந்த மாஸ்க் ஆகாது. காந்தம் அந்தக் கருவியோட வேலையைக் குழப்பிரும்.

கோவை அண்ணன்: வாங்கும்போது இதை யாருமே கேக்கலையே! அம்மா, இனிமே நீங்க அதைத் தொடாதீங்க. மாஸ்க்கை மாத்துற வரைக்கும் அப்பாவே மாட்டிக்கட்டும். தனிக் கட்டில்ல படுத்துக்கோங்க.

அம்மா: சரிய்யா.

தூத்துக்குடி அத்தை: மதினி, உடனே உங்க இதய டாக்டருக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கோங்க.

நான்: நானே கூப்பிடுறேன் அத்தை. புது மாஸ்க் கேக்கும்போது "காந்தம் இல்லாதது"ன்னு முதல்லயே சொல்லிருங்கப்பா.

வியாழன்

இரவு 8:45
அப்பா: டாக்டரைப் பாத்தாச்சு. மூக்குக்குள்ள இருக்கிற நடுச்சுவர் வளைஞ்சிருக்காம், ஆனா இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம்னாங்க. ஸ்ப்ரே எழுதிக் குடுத்திருக்காங்க. மாஸ்க் கடையில படுத்துப் பாக்கணும்னு நான் பிடிவாதமா கேட்டேன். உள்ளே கட்டில் இருந்தது. மெஷினை ஓட விட்டு மூணு சைஸும் பாத்தோம். நடு சைஸ் பொருந்துச்சு. காந்தம் கிடையாது, பட்டை தலைக்குப் பின்னால மட்டும்தான்.

மதுரை மாமா: அருமை அத்தான். உடனே ராத்திரி முழுக்கப் போடணும்னு நினைக்காதீங்க. சாயங்காலம் டிவி பாக்கும்போது கொஞ்ச நேரம் மாட்டிக்கிட்டு உக்காருங்க. மூச்சு முட்டுற பயம் அப்படித்தான் எனக்குப் போச்சு. மெஷின்ல ரேம்ப்னு ஒண்ணு இருக்கும், அதைப் போட்டா குறைஞ்ச அழுத்தத்துல ஆரம்பிச்சு மெதுவா ஏறும்.

கோவை அண்ணன்: அப்பா, இந்த சிகிச்சையைக் கண்டுபிடிச்சவர் சிட்னியில காலின் சல்லிவன்னு ஒரு டாக்டர். 1981-ல உலகத்துக்குச் சொன்னார். அப்ப மாஸ்க்கை முகத்துல பசை வச்சு ஒட்டுவாங்களாம், தினம் ராத்திரி. அதையும் தாங்கிக்கிட்டுப் போட்டிருக்காங்க, அந்த அளவுக்கு அவங்களுக்குத் தூக்கம் கிடைச்சிருக்கு.

அப்பா: வாய்தான் காய்ஞ்சு போகுது. காலையில நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது.

அண்ணி: மெஷின்ல ஈரப்பதம் எத்தனையில இருக்கு மாமா? ஒண்ணு ரெண்டு கூட்டிப் பாருங்க. வாய் திறந்து காத்து போகுதுன்னா தாடைப் பட்டை பாக்கலாம். ஸ்ப்ரே வேலை செய்யக் கொஞ்ச நாள் ஆகும், அப்புறம் வாய் தானா மூடிக்கவும் வாய்ப்பிருக்கு.

அம்மா: அந்த ஈரப்பதத் தொட்டியில நம்ம தாமிரபரணித் தண்ணி ஊத்தலாமா?

அண்ணி: வேண்டாம் அத்தை. எவ்வளவு நல்ல தண்ணியா இருந்தாலும் உப்புப் படியும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊத்தணும். மிச்சம் இருக்கிறதைக் காலையில கொட்டிட்டுத் தொட்டியைக் காய வச்சிருங்க.

அடுத்த ஞாயிறு

காலை 6:40
அப்பா: மெஷின் திரையில நேத்து ராத்திரிக் கணக்கு: ஏஹெச்ஐ 3.6. லீக் பக்கத்துல சிரிச்ச முகம் காட்டுது. ராத்திரி ஒரே ஒரு தடவைதான் ஒண்ணுக்குப் போக எந்திரிச்சேன்.

நான்: அப்பா!! ❤️ 5-க்குக் கீழ வந்துருச்சு.

தூத்துக்குடி அத்தை: கேக்கவே நிறைவா இருக்கு அண்ணே. இவுகளும் நடுராத்திரியில மூச்சு நின்னு திடுக்குன்னு எந்திரிக்காக. இந்த வாரமே டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.

மதுரை மாமா: அத்தானுக்கு அடுத்த மாசம் ஹெர்னியா ஆபரேஷன் இருக்குல்ல? மயக்க மருந்து குடுக்கிற டாக்டர்கிட்ட ஸ்லீப் அப்னியா இருக்குன்னு முன்கூட்டியே சொல்லணும். மயக்க மருந்துக்கும் வலி மருந்துக்கும் தொண்டைத் தசை இன்னும் தளரும். மெஷின், மாஸ்க் ரெண்டையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. ஆபரேஷன் முடிஞ்சு கண்ணசந்தாலும் மாட்டி விடச் சொல்லுங்க.

அம்மா: ஸ்லீப் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் அந்த ஃபைல்லயே வச்சிட்டேன் தம்பி. மாட்டி விடுறதுக்கு இனி நானே இருக்கலாம்ல?

நான்: தாராளமா இருக்கலாம்மா. உங்க இதய டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன், புது மாஸ்க்கால உங்களுக்கு ஒண்ணும் ஆகாது.