மிஷனில் இருக்கும் தம்பி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். யூட்டாவிலிருந்து எழுதுகிறேன். மார்மன் சபையில் (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவு) சேர்ந்த என் தம்பி பிரேசிலில் மிஷனரியாக, அதாவது மதம் பரப்பும் ஊழியனாக, இருக்கிறான். இந்த மிஷன் ஊழியம் ஆண்களுக்கு 24 மாதம், ஒன்பது முடிந்திருக்கிறது.

முதல் சில மாதம் ஒரே உற்சாகம். இப்போது திங்கட்கிழமை வீடியோ காலில் பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறான். நாள் முழுக்க நடை, கதவைத் தட்டினால் திறக்கிறவர்கள் குறைவு. ஜோடியாகப் போட்டிருக்கும் பையனோடும் ஒத்துப்போகவில்லை. குளியலறை தவிர எங்கேயும் தனியாக இருக்க முடியாதே! போன வாரம் ஒரு பாட்டி அன்பாக உள்ளே கூப்பிட்டு காபி நீட்டினாராம். இவர்களுக்குக் காபி கூடாது. வேண்டாம் என்றதும் அவர் முகம் வாடியதை மூன்று தடவை சொன்னான். (ஃபில்டர் காபியில் வளர்ந்த பிள்ளை!) அந்தப் பாட்டியே மறுநாள் ஆரஞ்சு ஜூஸோடு காத்திருந்தாராம். அதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தான்.

அம்மா "உடனே வந்துடச் சொல்லு" என்கிறார். பாதியில் திரும்பினால் சபையில் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று அவனுக்குப் பயம்.

மிஷன் போய் வந்தவர்களோ, பிள்ளையை அனுப்பியவர்களோ இருந்தால் சொல்லுங்கள்: மிஷன் நடுவில் வரும் இந்தச் சோர்வு தானாகப் போகுமா? ஜோடியை மாற்றித்தரச் சொல்லி மிஷன் தலைவரிடம் அவனே கேட்கலாமா? வரும் திங்களுக்குள் பதில் கிடைத்தால் நல்லது. மதச் சண்டை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.