ரிஸ்க் ஃபேக்டர்: காரணி என்றால் லைனில் சண்டைக்கு வருகிறார்கள்

கோத்தகிரியிலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். மாரடைப்பு பற்றி ஒரு துண்டறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். ரிஸ்க் ஃபேக்டர், அதாவது நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற அம்சம், என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். 'மாரடைப்புக்கான காரணிகள்' என்று போட்டு இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, கெட்ட கொழுப்பு, தொப்பை என்று எழுதி, பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கிற லைனில் ஒரு சாயங்காலம் வாசித்துக் காட்டினேன். ஒரு பெரியவர் சிரித்தார். "நாப்பது வருசமா பீடி குடிக்கிறேன் டீச்சர். அதான் காரணம்னா இந்நேரம் நான் போய்ச் சேர்ந்திருக்கணுமே?" பின்னால் இருந்த அம்மா சிரிக்கவில்லை. அவர் வீட்டுக்காரர் பீடி தொட்டதில்லை, பிரஷர் இல்லை, சுகர் இல்லை. இலை எடை போடுகிற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. "அப்ப அவருக்கு என்ன காரணம்?" என்று கேட்டார்.

வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

குன்னூரிலிருந்து:

அம்மா, ஆபத்துக் காரணி, இடர்க்காரணி இரண்டும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. 12-க்குக் காரணிகள் 2, 3, 4, 6 என்று பிள்ளைகள் படிக்கவில்லையா? 12-ஐ 3 உண்டாக்கியது என்று யாரும் நினைப்பதில்லை. பழகப் பழகப் பொருள் தானே ஒட்டிக்கொள்ளும். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாயை நாம் கரோனரி தமனி என்பதை இலங்கைப் பாடநூல்களில் முடியுருநாடி என்கிறார்கள். அந்தப் பிரிவினையே போதும், இன்னொன்று வேண்டாம்.

கோத்தகிரியிலிருந்து:

ஐயா, நானும் கணக்கு டீச்சராக இருந்தவள்தான். வகுப்பில் காரணி சரி. லைனில் அது காரணம் என்றுதான் காதில் விழுகிறது.

இந்தச் சொல் பிறந்த இடத்தைப் பார்த்தால் என் தயக்கம் புரியும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபிரமிங்காம் ஊரில் 1948-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. 30 முதல் 62 வயது வரையுள்ள 5,209 பேரைச் சேர்த்தார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பரிசோதித்து, யாருக்கு இதய நோய் வருகிறது என்று பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஆறு ஆண்டுப் பதிவுகளை வைத்து வில்லியம் கேனல் குழுவினர் 1961-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இந்தச் சொல் 'ஃபேக்டர்ஸ் ஆஃப் ரிஸ்க்' என்று இருக்கிறது. இரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் கூடியிருந்தவர்களில் அதிகம் பேருக்கு நோய் வந்தது என்றார்களே தவிர, இன்னாருக்கு வரும் என்று அவர்கள் சொல்லவில்லை. பட்டியலில் வயதும் உண்டு, ஆண் என்பதும் உண்டு. ஆணாய்ப் பிறந்ததுதான் காரணம் என்று வாசித்தேனென்றால் அடுத்த முறை எனக்கு லைனில் டீ கிடைக்காது.

மாரடைப்பு பற்றி 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு 52 நாடுகளில் நடந்தது. ஒன்பது அம்சங்களைச் சேர்த்துப் பார்த்தால் முதல் மாரடைப்புகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு விளக்கம் கிடைத்துவிடுகிறது. தனித்தனியாக எதுவும் அவ்வளவு சொல்லாது. நம் தெற்காசியப் பக்கத்து ஆட்களுக்கு மற்றவர்களைவிட ஐந்தாறு வயது முன்னதாகவே வருகிறது என்பதும் அதில்தான் தெரிந்தது.

நமக்குத் தெரிந்த உதாரணம் மண்சரிவு. 2009 நவம்பரில் நீலகிரியில் மலை சரிந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. அபாயப் பகுதி என்று பலகை வைத்த மேடெல்லாம் சரிவதில்லை. வைக்காத மேடு சரிந்ததும் உண்டு. செங்குத்து, வெட்டின மண், அடைபட்ட ஓடை, விடாத மழை. இதில் எது காரணம் என்று கேட்டால் ஊரில் ஒற்றைப் பதில் வராது. "சரியறதுக்கு ஏதுவா இருந்துச்சு" என்பார்கள். அந்த 'ஏது'வை எடுத்துக்கொண்டு 'இடரேது' என்று வைத்தால் என்ன?

இன்னொன்று. அந்த அம்மாவிடம் மறுபடி பேசினேன். வீட்டுக்காரருக்கு பிரஷர் இல்லை என்றாரே, கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேட்டேன். பார்த்ததே இல்லையாம்.

கூடலூரிலிருந்து:

அக்கா, இடரேது என்று தாளில் எழுதி வீட்டில் காட்டினேன். "ஆபத்து ஏது, ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்கு" என்றாள் என் மனைவி. உங்கள் பீடிப் பெரியவருக்கு இதைவிட நல்ல சேதி கிடையாது! நோயேது என்று மாற்றினாலும் அதே கதிதான்.

நான் 'இடர்க்கூறு' என்பேன். சந்தையில் கேரட்டையும் உருளைக்கிழங்கையும் கூறு கட்டித்தானே விற்கிறார்கள்? ஒரு கூறு பையில் விழுந்தால் தெரியாது. நாலு விழுந்தால் மேட்டில் ஏறும்போது தோள் சொல்லும். சில கூறுகளை இறக்கி வைக்கலாம்: புகை, கொதிப்பு, கொழுப்பு. வயதை இறக்க முடியாது.

அவுட்கம், அதாவது சிகிச்சைக்குப் பிறகு நோயாளிக்கு என்ன ஆனது என்பதற்கும் ஒரு சொல் யோசித்து வையுங்கள். 'சிகிச்சை முடிவு' என்றால் ஆளே முடிந்த மாதிரி இருக்கிறது. 'பலன்' என்றாலோ, 'சிகிச்சை பலனின்றி' என்ற பத்திரிகை வரிதான் முன்னால் வந்து நிற்கிறது.

கோத்தகிரியிலிருந்து:

தம்பி, இடர்க்கூறை நேற்று லைனில் சொல்லிப் பார்த்தேன். கூறு கட்டுகிற கதையோடு சொன்னதும் பெரியவர் விரல் விட்டு எண்ணினார். பீடி ஒண்ணு, வயசு ரெண்டு. "மூணாவது இருக்கான்னு எங்க பாக்கறது?" என்று கேட்டார். கிராம சுகாதார செவிலியர் வியாழக்கிழமை வருவார் என்று சொல்லியிருக்கிறேன். இடர்க்கூறு என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன், முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ரிஸ்க் என்று சேர்த்து. அவுட்கம் பிறகு.

குன்னூரிலிருந்து:

சரி அம்மா, எனக்கு இன்னும் காரணிதான். ஆனால் அச்சுப்படி பார்க்கும்போது அந்த 'க்' விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது விழுந்தால் 'இடர் கூறு' என்றாகிவிடும். வருகிறவர்கள் எல்லாரும் உங்களிடம் கஷ்டத்தைச் சொல்ல உட்கார்ந்துவிடுவார்கள்.