பழைய இமேஜ்செட்டரில் புதிய ஃபிலிம் சுருள்: கறுப்பின் அடர்த்தி 2.1-ஐத் தாண்டவில்லை, உதவி தேவை

கந்தகபூமி:

அனைவருக்கும் வணக்கம். சிவகாசியில் ஸ்பாட் யூவி (அச்சில் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பளபளப்புப் பூசும்) வேலைக்கு ஸ்கிரீன் பாசிட்டிவும், ஃபாயில் (பளபளக்கும் மெல்லிய தாள்) அச்சுக்கான உலோக பிளாக்குகளுக்கு நெகட்டிவும் எடுத்துக் கொடுக்கும் சிறிய கூடம் ஒன்றை நடத்தி வருகிறேன். ஆஃப்செட் அச்சகங்கள் கணினியிலிருந்து நேரடியாகப் பிளேட் எடுக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டாலும், எங்களைப் போன்றவர்களுக்கு இன்றும் ஃபிலிம் இல்லாமல் வேலை நடக்காது. என்னிடம் இருப்பது உருளைகளுக்கு இடையே ஃபிலிமை இழுத்துச் செல்லும் கேப்ஸ்டன் வகை இமேஜ்செட்டர், அதாவது லேசரால் ஃபிலிமில் பக்கத்தை எழுதும் இயந்திரம். பழையதுதான் என்றாலும் இதுவரை ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை.

நான் வழக்கமாக வாங்கி வந்த ஃபிலிம் இப்போது கிடைப்பதில்லை. எல்லா இமேஜ்செட்டருக்கும் பொருந்தும் என்று விற்பனையாளர் உறுதி சொன்னதால், அதே 305 மி.மீ. அகலத்தில், 60 மீட்டர் நீளமுள்ள வேறொரு சுருளை வாங்கினேன். அதில் எடுத்த கறுப்பு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தேநீர் வடிசல் போலப் பழுப்பாகத் தெரிகிறது. கறுப்பின் அடர்த்தியை அளக்கும் டென்சிடோமீட்டரில் 2.1 காட்டுகிறது, முன்பு 4-க்குக் குறைந்ததே இல்லை. லேசர் செறிவை 180-லிருந்து 400 வரை கூட்டியும் அடர்த்தி மிகச் சிறிதளவே ஏறியது.

இந்தப் பாசிட்டிவை வைத்து வார்த்த ஸ்கிரீனில், எவ்வளவு தண்ணீர் அடித்தும் மெல்லிய எழுத்துகள் திறக்கவில்லை. நெகட்டிவில் எடுத்த மக்னீசியம் பிளாக்கிலோ, அமிலத்தில் முழுதாக அரிக்கப்பட்டிருக்க வேண்டிய பின்புலத்தில் குருணை குருணையாக உலோகம் நின்றுவிட்டது. ஆடிப்பெருக்கு அன்று வெளியாகும் நாட்காட்டி ஆல்பங்களுக்கான பிளாக்குகள் கையில் இருப்பதால், கோளாறு ஃபிலிமை மருந்தில் கழுவி எடுக்கும் பிராசசரிலா, லேசரிலா, ஃபிலிமிலா என்பதை விரைவில் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். படத்தைத் துலக்கும் டெவலப்பர் மருந்து போன வாரம் மாற்றியதுதான். இருட்டறையில் பச்சை விளக்கு எரிகிறது.

இருட்டறை:

வணக்கம் ஐயா. நீங்கள் இன்னும் எதையும் மாற்ற வேண்டாம். செறிவைப் பழைய 180-க்கே கொண்டு வந்துவிடுங்கள். அளவுக்கு மீறிக் கூட்டினால் அடர்த்தி ஏறுவதற்கு முன்பே கறுப்புக் கோடுகள் தடித்து, அவற்றுக்கு நடுவே உள்ள வெள்ளைக் கோடுகள் அடைபட்டுவிடும். அடர்த்தி 4 என்றால் ஃபிலிமின் வழியாக ஒளியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் கசியும், 2.1 என்றால் ஏறத்தாழ 126-இல் ஒரு பங்கு கசிகிறது. உங்கள் ஸ்கிரீனில் எழுத்துகள் திறக்காததற்கும் பிளாக்கில் குருணை நின்றதற்கும் அதுவே காரணம்.

புதிய சுருளிலிருந்து இரண்டு துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றை அறை வெளிச்சத்தில் சில நொடிகள் காட்டிவிட்டுப் பிராசசரில் விடுங்கள். அது 4-க்கு மேல் கறுத்து வந்தால் டெவலப்பரும் அதன் வெப்பநிலையும் சரியாக உள்ளன. அடர்த்தி குறைவதற்கு லேசர் ஒளி ஃபிலிமில் போதிய அளவு பதியாததே காரணம் என்று முடிவு செய்யலாம். மற்றொன்றை எந்த ஒளியிலும் காட்டாமல் அப்படியே விடுங்கள். அது 0.05 அளவில் தெளிவாக வந்தால் ஃபிலிம் பழசாகி மங்கவில்லை, இருட்டறை விளக்கும் அதைக் கெடுக்கவில்லை. பழைய ஃபிலிமில் கையளவு துண்டு மிஞ்சியிருந்தாலும் அதையும் இயந்திரத்தில் எடுத்துப் பாருங்கள்; லேசர் வலுவிழந்துவிட்டதா என்பதை அந்தத் துண்டு சொல்லிவிடும்.

அதன் பிறகு இயந்திரத்தின் மூடிக்குக் கீழே ஒட்டியிருக்கும் லேசர் எச்சரிக்கைத் தாளைப் படியுங்கள். அதில் அலைநீளம் நானோமீட்டரில் அச்சிடப்பட்டிருக்கும். நிறுவனத்தின் பெயரையோ சுருளின் அகலத்தையோ பார்த்து ஃபிலிம் வாங்கக் கூடாது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஃபிலிமில் ஒளியை உணரும் வெள்ளி ஹாலைடு இயல்பாக நீலத்துக்கும் புற ஊதாவுக்கும் மட்டுமே கறுக்கும். அதற்கு மேற்பட்ட அலைநீளங்களை உணரச் செய்வது எமல்ஷனில் (ஃபிலிமின் ஒளியுணர் பூச்சில்) கலக்கும் சாயங்கள்தான். ஒவ்வொரு சாயமும் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள்தான் வேலை செய்யும். 488-இல் எரியும் ஆர்கான் லேசருக்கு ஒரு ஃபிலிம். லினோட்ரானிக் 300 போன்றவற்றில் இருந்த 633 ஹீலியம்-நியான் லேசருக்கும், பின்னர் வந்த 650, 670 சிவப்பு டயோடுகளுக்கும் ஒரு வகை. 780 அகச்சிவப்பு டயோடுக்கு முற்றிலும் வேறொன்று. சிவப்பு வகையும் அகச்சிவப்பு வகையும் பச்சை விளக்கில்தான் கையாளப்படுகின்றன. ஆகவே விளக்கின் நிறத்தை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. விற்பனையாளர்களும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள்.

கந்தகபூமி:

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே செய்தேன். வெளிச்சம் காட்டிய துண்டு 4.3, காட்டாத துண்டு 0.05. கேசட்டின் அடியில் பழைய ஃபிலிம் ஒன்றரை மீட்டர் கிடந்தது. செறிவு 180-இலேயே அது 4.1 காட்டிவிட்டது. மூடியின் உட்புறத்தில் இருந்த தாளில் 670 என்று உள்ளது. புதிய சுருளின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், பக்கவாட்டில் சிறிய எழுத்தில் 780 என்று அச்சிட்டிருக்கிறது. வாங்கிய அன்று இதைப் படிக்காமல் விட்டதற்கு வருந்துகிறேன்.

பிளாக்காரர்:

கோயம்புத்தூரில் இதே தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்கிறேன். அடுத்த முறை 630 முதல் 670 வரை ஏற்கும் சிவப்பு லேசர் ஃபிலிம் என்று கேட்டு வாங்குங்கள். சீனாவின் லக்கி ஹுவாகுவாங் இவ்வகையைத் தயாரிக்கிறது. அக்ஃபாவின் அலையன்ஸ் வரிசையிலும் இது உண்டு. அக்ஃபாவின் ஆஃப்செட் பிரிவு 2023-இல் கைமாறி ஈகோ3 என்ற பெயரில் இயங்குவதால், பெட்டியின் மேல் பெயர் மாறியிருந்தால் தயங்க வேண்டியதில்லை.

அலைநீளம் பொருந்திய பிறகும் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். எமல்ஷன் உள்ளே இருக்கும்படி சுற்றிய சுருளும், வெளியே இருக்கும்படி சுற்றிய சுருளும் தனித்தனியாக விற்கப்படுகின்றன. மாற்றிப் போட்டால் லேசர் ஃபிலிமின் முதுகுப் பக்கத்திலிருந்து சாயப் பூச்சைக் கடந்து எமல்ஷனை அடைய வேண்டியிருக்கும். அடர்த்தியும் கூர்மையும் சேர்ந்தே குறைந்து, மறுபடியும் தவறான ஃபிலிம் வந்துவிட்டதோ என்று உங்களை அலைக்கழிக்கும். ஓரத்தில் ஒரு துண்டு கிழித்து ஈர விரலால் இருபுறமும் தொட்டுப் பாருங்கள், ஒட்டும் பக்கம்தான் எமல்ஷன்.

அடுத்தது தடிமன். மின்சுற்றுப் பலகைத் தொழிலுக்கான சிவப்பு லேசர் ஃபிலிம் எளிதாகக் கிடைக்கிறதே என்று அதைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது பெரும்பாலும் 0.18 மி.மீ.; உங்கள் உருளைகள் 0.10-க்குப் பழகியவை. கேப்ஸ்டன் வகையில் இழுவை சற்றே மாறினாலும் நான்கு வண்ணப் பதிவு ஒன்றோடொன்று உட்காராது. ஒரே நிறத்தில் பிளாக் எடுப்பவருக்கு அது சமாளிக்கக்கூடியதே என்றாலும், நான் அதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன்.

மூன்றாவது டெவலப்பர். 35 பாகையில் அரை நிமிடத்துக்குள் முடியும் ரேபிட் ஆக்சஸ் மருந்தில் வேலை செய்யும் ஃபிலிம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தனி மருந்து கேட்கும் கலப்பு வகை ஃபிலிம்கள் உங்கள் தொட்டியில் தம் முழுத் திறனைக் காட்டா. முடிந்தவரை முழுச் சுருளை வாங்கும் முன் இரண்டு மூன்று மீட்டர் மாதிரி கேளுங்கள். வாடிக்கை வேண்டும் என்று நினைக்கும் வியாபாரி கட்டாயம் கொடுப்பார்.

கந்தகபூமி:

அண்ணா, வேறொரு வியாபாரி 3 மீட்டர் மாதிரி தந்தார். கேசட்டில் போடும் முன் விரலால் தொட்டுப் பார்த்ததில் எமல்ஷன் உள்பக்கம் இருந்தது. என் இயந்திரமும் அப்படியே கேட்பதால் பிரச்சினை இல்லை. செறிவை 140-இல் தொடங்கி இருபது இருபதாகக் கூட்டி ஒரே துண்டில் வரிசையாகக் கட்டங்கள் எடுத்தேன். 140-இல் 2.9 இருந்தது, 200-இல் 4-ஐத் தாண்டியது, அதற்கு மேல் கூட்டியபோது அடர்த்தி ஏறாமல், வெள்ளைக் கோடுகள் மட்டும் மெலிந்தன. 200-இலேயே நிறுத்திவிட்டேன். 50 விழுக்காடாக வர வேண்டிய புள்ளி 54 என்று அளந்ததால் ரிப்பில் (பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் மென்பொருளில்) அளவுத் திருத்தம் செய்தேன். இப்போது 50-க்கும் 51-க்கும் இடையே நிற்கிறது.

இன்று காலை எடுத்த பிளாக்கின் பின்புலத்தை விரலால் தடவிப் பார்த்தேன். குருணை ஒன்றுகூட இல்லை. இதே வகையில் முழுச் சுருளுக்குச் சொல்லிவிட்டேன். உங்கள் இருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

780-க்கான சுருளில் இன்னும் ஐம்பது மீட்டருக்கு மேல் கறுப்பு உறைக்குள் குளிர்ந்த அறையில் பத்திரமாக உள்ளது. திறந்த சுருளைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். அகச்சிவப்பு லேசர் உள்ள இயந்திரம் யாரிடமாவது இருந்தால் இங்கே தெரிவியுங்கள். காட்டாத துண்டு 0.05-ஆகவே வந்ததால் ஃபிலிம் நல்ல நிலையில் இருக்கிறது, வாங்கிய விலையில் பாதிக்கே தந்துவிடுகிறேன்.