மோட்பஸ் பதில் வருது, எண் மட்டும் தப்பு: உங்களுக்கு மாட்டியது எது?

குன்னூர்_டிரையர்
எங்கள் தேயிலை ஃபாக்டரியில் டிரையர் எக்ஸாஸ்ட் (வெளியேறும் காற்று) டயலில் 52 டிகிரி, ஸ்காடா (கண்காணிப்புக் கணினி) திரையில் 0.0. கருவிகளிடம் அளவு கேட்டு வாங்கும் மோட்பஸ் லைனில் வந்த பதில், ஹெக்ஸில் (16 அடிமான எண்ணில்): 01 03 04 42 50 00 00, கடைசியில் சிஆர்சி (பிழை பார்க்கும் எண்) 2 பைட். 01 கருவி முகவரி, 03 ஹோல்டிங் ரெஜிஸ்டர் (கருவியில் அளவு இருக்கும் 2 பைட் இடம்) வாசிப்பு, 04 அடுத்து வரும் டேட்டா பைட் கணக்கு. மிச்ச நாலு பைட்டும் சேர்ந்து ஒரு ஃப்ளோட் (தசம எண்): 42 50 00 00 என்றால் அச்சாக 52.0. மென்பொருள் இரண்டு ரெஜிஸ்டரையும் இடம் மாற்றி 00 00 42 50 என்று எடுத்ததால் பூஜ்யம். அந்த வேர்டு ஸ்வாப்பை எடுத்ததும் சரி. அதற்கு முன்னால் யாரோ வேர்டு ஸ்வாப்புக்குப் பதிலாக பைட் ஸ்வாப்பை (ரெஜிஸ்டருக்குள் இரு பைட்டின் இடமாற்றம்) தட்டிவிட, 50 42 00 00 ஆகி ஆயிரத்து முந்நூறு கோடி டிகிரி! தூள் என்ன, மலையே கருகியிருக்கும்.

கோத்தகிரி_பேனல்
எனக்கு இலை வாட்டும் தொட்டி ஃபேன்களின் எனர்ஜி மீட்டர். மேனுவலில் ரெஜிஸ்டர் எண் 40101, கேள்வியில் போனது 101, அதாவது ஹெக்ஸில் 00 65. போக வேண்டியது 00 64. முன்னால் இருக்கும் 4 லைனில் போவதே இல்லை, 40001 என்பது லைனில் 0. பிழை எதுவும் வரவில்லை, அதுதான் கொடுமை. முதல் அளவின் பின்பாதியும் அடுத்ததன் முன்பாதியும் ஒட்டி வந்தன. பட்டியலின் கடைசி ரெஜிஸ்டரைக் கேட்டபோதுதான் மீட்டர் 83 02 என்று மறுத்தது. 03 உடன் ஹெக்ஸ் 80 சேர்ந்தால் மறுப்பு, 02 என்றால் அப்படி முகவரி இல்லை.

ஊட்டி_485
ரெண்டு பேரும் செட்டிங்கிலேயே நிற்கிறீங்க. முதலில் கேபிளைப் பாருங்க. மழைக்காலத்தில் ஜங்ஷன் பாக்ஸில் ஈரம் ஏறி பதில் விட்டு விட்டு வந்த லைன் இங்கே உண்டு. பவரை அணைத்துவிட்டு லைனின் ஏ, பி கம்பிகள் நடுவே மல்டிமீட்டர் வையுங்க. இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் ஏறக்குறைய 60 காட்டணும். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போச்சு. 40 என்றால் நடுவில் யாரோ மூன்றாவதைப் போட்டிருக்காங்க. லைனை ஒரு கருவியிலிருந்து அடுத்ததுக்கு என்று இழுங்க, நட்சத்திரமாகப் பிரிக்காதீங்க. 9600 வேகத்தில் ஓர் எழுத்துக்கு 11 பிட், சுமார் 1.15 மில்லி செகண்ட். மூன்றரை எழுத்து நேரம், அதாவது 4 மில்லி செகண்ட் மௌனம்தான் ஒரு செய்தி முடிந்ததுக்கு அடையாளம், வேறு முற்றுப்புள்ளி கிடையாது. லைனைக் கணினியோடு இணைக்கும் மலிவு யுஎஸ்பி மாற்றி நடுவில் இடைவெளி விட்டால் ஒரே செய்தி ரெண்டாக உடையும், ரெண்டிலும் சிஆர்சி தோற்கும்.

குன்னூர்_டிரையர்
சார், கேபிள் கெட்டிருந்தால் சிஆர்சி தோற்கும், பதிலே ஏறாது. இங்கே சிஆர்சி ஒவ்வொரு தடவையும் பாஸ். பைட்டுகள் வழியில் கெடவில்லை என்பதை மட்டும்தான் அது பார்க்கும். எந்த ரெஜிஸ்டர் முன்பாதி, எது பின்பாதி என்று அதுக்குத் தெரியாது.

கோத்தகிரி_பேனல்
சொந்தமாக நிரல் எழுதுறவங்களுக்கு: ரெஜிஸ்டரில் பெரிய பைட் முதலில் வரும், சிஆர்சியில் மட்டும் சின்ன பைட் முதலில். அதைத் திருப்பி அனுப்பினால் கருவி மறுப்புகூட அனுப்பாது, சும்மா இருக்கும். அப்புறம் ஊட்டி சார் சொன்ன மாதிரி கேபிளைத் தோண்ட வேண்டியதுதான்.